அவரவர் விருப்பம்

ஒரு மனிதன் தனக்குப் பிடித்த காட்சியை, தனக்குப் பிடித்த நேரத்தில், தன் சொந்தச் செலவில் பார்க்கிறான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்வியை ஓராண்டுக்கு முன்னால் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், "ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காரணம் என் தாயார்.

அம்மா திருவாதவூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மதுரையிலிருந்து ஒத்தக்கடை, திருமோகூர் வழியாகப் போனால் அதிக தூரமில்லை. ஆனாலும் நான் மாதம் ஒரு முறை போனால் அதிகம். அவளுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. எழுத்து வாசனை இல்லாதவள். கண்ணும் காதும் இன்னும் நன்றாக இருக்கின்றன. பகலெல்லாம் புளி உடைப்பதும் வெங்காயம் உரிப்பதுமாக ஏதாவது செய்துகொண்டே இருப்பாள். விளக்கு வைத்த பிறகு டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தால், இரவுச் சாப்பாடு வரை எழுந்திருக்க மாட்டாள். இந்த வயதில் அவள் கேட்ட சுகம் அது ஒன்றுதான்.

சென்ற பங்குனியில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அண்ணன் வீட்டுக் கேபிள் சந்தாவை நான்தான் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

இன்று ஒரு வீட்டில் படம் பார்க்க எத்தனை வழிகள்! மீன்முள் போல மாடியில் நின்ற பழைய ஆன்டெனாவின் ஆயுள் முடிந்துவிட்டது. தூர்தர்ஷனே தன் பழைய தரைவழி நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. மிச்சமிருப்பவை இவை: தெருவில் கம்பி இழுத்து வரும் கேபிள்; மாடியில் சட்டி வைத்து வானத்திலிருந்து நேரே வாங்கும் டிஷ்; அதிலேயே மாதச் சந்தா எதுவும் கேட்காத தூர்தர்ஷன் டிஷ், 2004 டிசம்பரில் வந்தது; பிராட்பேண்ட் இணைப்பு; கடைசியாகச் செல்போன். கேபிளிலும் ஒரு மாறுதல் வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, கொடுத்ததைப் பார்த்தோம். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த புது விதியின்படி, அப்போது அடிப்படையாக 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும் என்று இருந்தது. அதற்குமேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. வேண்டியதைப் பொறுக்கிக்கொள், பொறுக்கியதற்குப் பணம் கொடு என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அண்ணன் வீட்டில் அண்ணன், மதினி, கல்லூரியில் படிக்கும் பையன், பள்ளியில் படிக்கும் பெண் என்று நாலு பேர்; நாலு பேரிடமும் நாலு செல்போன். நாலுக்கும் மாதாமாதம் ரீசார்ஜ் நடக்கிறது. செய்தி, பாட்டு, சீரியல், சினிமா எல்லாம் அதிலேயே வருகின்றன. பிறகு கேபிள் எதற்கு? "தண்டச் செலவு" என்றேன். அண்ணன் ஒப்புக்கொண்டார். இணைப்பைத் துண்டித்தோம். அம்மாவுக்கு என் பழைய செல்போனைக் கொடுத்து, எந்தப் படத்தைத் தொட்டால் எது வரும் என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். தலையைத் தலையை ஆட்டினாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஊர் திரும்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய் வந்தேன். வெயிலில் போய் வெயிலில் திரும்பினேன். ஆவணியில்தான் ஓர் இரவு தங்கினேன். விளக்கு வைத்த நேரம். அண்ணன் திண்ணையில் கட்சிக்காரர்களின் சண்டையைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி அடுப்படியில். பையன் மாடியில் கிரிக்கெட். பெண் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா, பெட்டி இருந்த கூடத்தில், அது எரியாத பெட்டி என்பதையே மறந்தவள் போல, அதற்கு எதிரே பழைய இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"போன் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"பத்திரமா இருக்குய்யா" என்று எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். மஞ்சள் பைக்குள், பழைய துண்டில் சுற்றி, நான் கொடுத்த செல்போன், ரேஷன் கார்டோடு சேர்ந்து இருந்தது. எத்தனையோ நாளாகச் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

"பார்க்கிறதே இல்லையா?"

"அது என்னத்தைப் பார்க்கணும்னு என்னைக் கேக்குதுய்யா. எனக்கு என்ன தெரியும்? நான் போட்டதைப் பார்ப்பேன்."

மெல்ல மெல்லக் கேட்டு மற்றதையும் தெரிந்துகொண்டேன். பேரன் அவளுக்கு, எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே போதும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவளும் தான் பார்த்துக்கொண்டிருந்த சீரியலின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். வந்தது வேறு ஏதோ. பேரனும் பேத்தியும் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கத் தகாத ஏதோ. அன்றோடு சுற்றி உள்ளே வைத்துவிட்டாள். ஐந்து மாதம்! ஒரே கூரையின் கீழ் இருந்த நாலு பேருக்கும் தெரியவில்லை, மாதம் ஒரு முறை வந்து "சௌக்கியமா?" என்று கேட்ட எனக்கும் தெரியவில்லை. "ஏம்மா சொல்லலை?" என்றால், "அவுகவுகளுக்குச் சோலி இருக்குல்ல?" என்கிறாள்.

'போட்டதைப் பார்ப்பேன்.' அன்று இரவு தூக்கம் வராமல் அந்த வார்த்தையையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்த்தால், இந்த நாட்டில் டெலிவிஷன் பிறந்ததே 'போட்டதைப் பார்க்கும்' ஒரு பொதுச் சொத்தாகத்தான். 1959 செப்டம்பர் 15-இல் டெல்லியில் ஒளிபரப்பு தொடங்கியபோது, சபை சபையாகக் கூடியே பார்த்தார்கள். 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெட்டி வைத்துச் சோதனை நடத்தினார்கள். வெளிநாட்டிலும் கதை வேறு அல்ல. 1953 ஜூன் 2-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை பிரிட்டனில் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர் டெலிவிஷனில் பார்த்தார்களாம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தது தங்கள் வீட்டில் அல்ல, அயலார் வீட்டில்.

எங்கள் ஊரில் நான் சிறுவனாக இருந்தபோது பஞ்சாயத்துப் பெட்டி ஒன்று இருந்தது. மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். சாவிக்காரர் வந்து திறக்கும்வரை கோயில் நடை திறக்கக் காத்திருப்பது போலக் காத்திருப்போம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க இடம்பிடிக்க வேண்டுமானால் முன்னதாகவே வந்து 'வயலும் வாழ்வு'ம் பார்த்தாக வேண்டும். நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் ஏர் பிடித்தவன் அல்லன். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு வரும்வரை கொட்டாவி விடாமல் அதைக் கவனித்த சம்சாரிகளுக்காக நானும் பொறுத்துக்கொண்டேன். எங்களுக்காக அவர்கள் பாட்டைப் பொறுத்துக்கொண்டார்கள். 1987 ஜனவரியில் தொடங்கிய இந்தி ராமாயணத்தை, ஒரு சொல் இந்தி தெரியாத அந்தக் கூட்டம் விடாமல் பார்த்தது. தெரிந்த கதைதானே! தெரியாத வசனத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தம் சொன்னார்கள். கைகேயிக்காகப் பரிந்து பேசிய கிழவி ஒருத்தி கூட இருந்தாள்.

பிறகு வீடியோ டெக் காலம் வந்தது. கல்யாணமோ, காதுகுத்தோ, பொங்கலோ, தெருக்காரர்கள் காசு சேர்த்து மேலூரிலிருந்து பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். விடிய விடிய மூன்று படம். எந்தப் படம் என்பதற்கு முதல் நாளே பெரிய பஞ்சாயத்து நடக்கும். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்படும்: ஓர் எம்.ஜி.ஆர். படம், ஒரு சிவாஜி படம், கோழி கூவும் நேரத்துக்கு இளவட்டங்களுக்காக ஒரு புதுப்படம். மூன்றும் யாருக்கும் பிடித்ததில்லை. மூன்றையும் எல்லோரும் பார்த்தார்கள்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், 'அந்தக் காலம் பொற்காலம்' என்று முடித்துவிடுவேனோ என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படி முடிக்க எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தவன்.

பெட்டி வைத்திருந்த வீடுகளில் யார் கூடத்தில் உட்காரலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. என்னோடு ஒரே பெஞ்சில் படித்த பையன் ஒருவன், ஒரு தீபாவளி மழையில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் முழுவதையும் நனைந்தபடி பார்த்தான். கண்ணுக்குக் கண் சந்தித்தபோது அவன் சிரித்தான். நான் திரும்பிக்கொண்டேன். 'ஊரே கூடிப் பார்த்தோம்' என்று நான் பெருமையாகச் சொல்லும் 'ஊர்' என்ற சொல்லுக்குள் அவன் இருந்தானா என்பதை அவனைத்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு 2006 செப்டம்பர் 15 முதல் வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, படித்தவர்கள் பலர் கேலி செய்தார்கள். நானும் செய்தேன். சோறு கேட்டால் சினிமா கொடுக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையே எழுதினேன். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டப்படி ஊழல் குற்றம் ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. சட்டம் எப்படியோ போகட்டும். என் தோழன் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. அவன் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தரையில், தங்கள் கூரையின் கீழ், மழையில் நனையாமல் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். அதை ஆடம்பரம் என்று எழுதிய என் பேனாவை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

ஆகவே, தனிப் பெட்டி தவறு என்று நான் சொல்ல முடியாது. அப்படியானால் தனிச் செல்போன் மட்டும் எப்படித் தவறாகும்?

மறுநாள் காலையில் இதற்குப் பதில் சொன்னது மதினி. நான் ஒரு வேகத்தில், "இனிமே ராத்திரி ரெண்டு மணி நேரம் எல்லாரும் போனை மூட்டை கட்டி வச்சிட்டு, அம்மாவோட உட்கார்ந்து டிவி பார்க்கிறதுன்னு வச்சுக்குவோம்" என்றேன். மதினி தோசைக் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருசம் ஆச்சு. மொதல்ல மாமா நியூஸ் போட்டாக, பார்த்தேன். அப்புறம் உங்க அண்ணன் போட்டாக. அப்புறம் அத்தை சீரியல். அப்புறம் பிள்ளைக கார்ட்டூன். ரிமோட்டு என் கைக்கு வந்ததே இல்ல. இந்தப் போன் வந்த பொறவுதான் எனக்குப் பிடிச்சதுன்னு ஒண்ணு இருக்குங்கிறதே எனக்குத் தெரிஞ்சது. அதையும் மூட்டை கட்டச் சொல்றீகளா?"

மதினி மத்தியானம் ஒரு மணி நேரம், எல்லோரும் வெளியே போன பிறகு, செல்போனைத் தையல் மிஷின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ரவிக்கை வெட்டுவது எப்படி என்று பார்ப்பார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, இன்று தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைக்கிறார். பெண்ணின் டியூஷன் பணம் அந்த வருமானம்தான். 2016-க்குப் பிறகு இன்டர்நெட் விலை விழுந்ததால் நாட்டுக்கு நன்மையா தீமையா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள், அந்தத் தையல் மிஷினுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

இப்போது என் சங்கடத்தைக் கவனியுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி, "போட்டதைப் பார்ப்பேன்" என்கிறாள். அது அவளுடைய வாழ்க்கை முழுவதற்கும் பொருந்தும் வாக்கியம். போட்ட சோற்றைத் தின்றாள், காட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினாள். தேர்ந்தெடுக்க யாரும் அவளைப் பழக்கவில்லை, எழுபத்தைந்து வயதில் திடீரென்று, "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஓர் இயந்திரம் கேட்டால் அவள் திகைக்காமல் என்ன செய்வாள்? மற்றவர், "மற்றவர்கள் போட்டதையே இத்தனை வருஷம் பார்த்தேன்" என்கிறார். ஒருத்திக்குச் சாத்திய கதவும் மற்றவருக்குத் திறந்த கதவும் ஒரே கதவாக இருக்கிறது. இருவரிடமும் நியாயம் இருக்கிறது. நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது எளிது. இரண்டு நியாயங்களுக்கு நடுவே அகப்பட்டவன் பாடுதான் கஷ்டம்.

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். திருமறைநாதர் சந்நிதியில் கூட்டம் இல்லை. எங்கள் ஊர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை அவர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்த கதையைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் அந்த லீலை மதுரையில் நடக்கிறது. அன்று எனக்கு நினைவுக்கு வந்தது கதையின் ஒரு மூலை. இரவில் அந்தக் குதிரைகள் மறுபடி நரிகளானபோது சும்மா ஓடிவிடவில்லை. லாயத்தில் ஏற்கெனவே நின்றிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின என்று புராணம் சொல்கிறது. புதுக்குதிரைகளின் அழகில் மயங்கியிருந்த அரண்மனையில், பழைய குதிரைகளை எங்கே கட்டியிருக்கிறோம் என்று அன்று இரவு ஒருவர்கூட நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பக்தர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு அந்த லாயத்தின் நினைவுதான் வந்தது.

என் குற்றம் கேபிளைத் துண்டித்தது அன்று. வீட்டில் எல்லோருக்கும் வழி இருக்கிறது என்று கணக்குப் போட்டபோது, அந்த வழியில் நடக்கக் கால் இல்லாதவர் யாராவது உண்டா என்று பார்க்காததுதான். பழைய பெட்டி ஒன்றும் அன்பின் வடிவம் அல்ல. ஆனால் அதில் ஒரு தற்செயலான தர்மம் இருந்தது. யாருக்காகவோ அது ஓடியது. கேட்கத் தெரியாதவளும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் பெயர் தெரியாத கிழவருக்கும் ஓர் இலை விழுவது போல. அவரவருக்குப் பிடித்ததை அவரவர் வரவழைத்துத் தின்னும் இடத்தில், எனக்கு இது வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர் பட்டினிதான். முன்பு தானாக நடந்த காரியத்தை இப்போது ஒருவர் நினைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் சுதந்தரம் எனக்கு வந்திருக்கிறதென்றால், தேர்ந்தெடுக்க முடியாத ஒருவருக்காக யோசிக்கும் வேலையும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. நான் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அந்த வேலையை யார் தலையில் கட்டுவது? இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த மதினியின் தலையிலா? வீட்டில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தால், யார் இதுவரை அதிகமாக விட்டுக்கொடுத்தாரோ அவரையே மறுபடியும் கேட்பது நம்முடைய வழக்கம். அதனால் நான் போட்ட திட்டத்தை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கேபிள்காரர் மறுநாளே வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். அத்துடன் கடமை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பெட்டி எரிந்தது. அம்மாவின் சீரியலில் ஐந்து மாதத்தில் யாரோ செத்து, யாரோ பிழைத்து, கதை எங்கேயோ போயிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயும் உக்காருய்யா" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் இழந்தது சீரியலை மட்டும் அல்ல. 'இவ என்ன இப்படிப் பண்றா' என்று அவள் சொன்னால் 'ஆமா' என்று சொல்வதற்குப் பக்கத்தில் ஓர் ஆள். அதைச் சந்தா கட்டி வாங்க முடியாது.

உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சீரியல் எனக்குப் பிடிக்கவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு மற்றவர் கதையில் ஓட்டை தெரிவது இயல்பு; அதில் ஓட்டையைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒவ்வொருத்தியின் குணத்தையும் எனக்கு விளக்கிச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பெண், என்ன சத்தம் என்று கதவைத் திறந்துகொண்டு வந்து, நின்றபடியே ஐந்து நிமிஷம் பார்த்து, அப்பத்தாவைக் கேலி செய்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் அன்று நடந்தது.

இப்போது வாரம் ஒரு முறை திருவாதவூர் போய் வருகிறேன். அந்த அரைமணி நேரத்தை ஒரு தியாகம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நேற்றுக்கூட, நடுவில் என் கை இரண்டு தடவை சட்டைப் பைக்குள்ளிருந்த செல்போனைத் தேடிப் போயிற்று. இரண்டாவது தடவை அம்மா பார்த்துவிட்டாள்.

"சோலி இருந்தா போய்ப் பாருய்யா" என்றாள்.

"சோலி ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.